அக்கா பதில்கள்: எட்டு பேர், ஆறு பாட்டில், கொஞ்சம் பொரி

போன இதழ்ல வேற எதையோ எழுதும்போது, பெங்களூர்ல நாங்க ஒரு செட் மூணு மாசத்துக்கு ஒரு தடவை யார் வீட்டுலயாவது கூடி ஒயின் டேஸ்ட் பண்ணுவோம்னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன். அவ்வளவுதான், மெயில் குவிஞ்சிடுச்சு. ரெண்டு மூணு பேர் "இது நம்ம கலாசாரமா அக்கா"ன்னு திட்டியிருக்காங்க. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல 1945ல தோண்டினப்பவே ரோமாபுரியில இருந்து கப்பல்ல ஒயின் வந்த ஜாடியோட உடைசல் எல்லாம் கிடைச்சிருக்கு, ரெண்டாயிரம் வருஷமா நடக்கற கதைன்னு நான் சொல்லலாம், ஆனா இதையே எங்க அம்மாகிட்ட சொல்லிப் பார்த்து ஜெயிக்க முடியல, உங்ககிட்டயும் முடியாது. விடுங்க. மிச்ச பேர் எல்லாம் எப்படி பண்றதுன்னு கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுதான். 21 வயசு ஆகாதவங்க, வயித்துல பிள்ளை இருக்கறவங்க, டாக்டர் வேண்டாம்னு சொன்னவங்க அடுத்த பக்கம் போயிடுங்க, அங்க வாழைப்பூ வடை இருக்கு.

அக்கா, அடுத்த மாசம் எங்க வீட்டுல காலேஜ் பிரெண்ட்ஸ் எட்டு பேர் சேரறோம். எப்பவும் பீர்தான், இந்த தடவை ஒயின் டேஸ்டிங் வைக்கலாம்னு ஆசை. எத்தனை பாட்டில் வாங்கணும், எதுல ஆரம்பிக்கணும், சாப்பிட என்ன வைக்கறது? எனக்கு ஒண்ணுமே தெரியாது.
- வாசகி, பெங்களூரு

கணக்குல ஆரம்பிப்போம். டேஸ்டிங்னா குடிக்கற அளவு ஊத்தறது இல்ல, ஒரு ஆளுக்கு ஒரு ஒயின் 50 மில்லி, நம்ம காபி டம்ளர்ல கால்வாசி. பாட்டில் 750 மில்லி, அப்போ ஒரு பாட்டில் 15 பேருக்கு வரும். எட்டு பேருக்கு ஆறு வகை போதும், ஒவ்வொண்ணுலயும் பாதி மிச்சமாகும், எது பிடிச்சதோ அதை அப்புறம் சாப்பாட்டோட ஊத்திக்கலாம். எங்க முதல் டேஸ்டிங்ல ஆளுக்கு ஒரு பாட்டில்னு பத்து பாட்டில் வந்து நின்னுச்சு, ஆறாவதுக்கு மேல யார் என்ன குடிச்சாங்கன்னு யாருக்குமே ஞாபகம் இல்ல, ஒருத்தர் பால்கனியில தூங்கிட்டாரு.

50 மில்லிதானேன்னு லேசா நினைக்காதீங்க. ஆறு தடவைன்னா 300 மில்லி, ஒயின்ல 13 சதவீதம் ஆல்கஹால்னு வச்சா அதுல மட்டும் 39 மில்லி சுத்த ஆல்கஹால் உள்ள போகுது. உங்க செட்ல விஸ்கி குடிக்கறவங்க இருந்தா அவங்க பாஷையில சொல்லுங்க, ஒரு லார்ஜும் ஒரு ஸ்மாலும் அடிச்ச கணக்கு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே வண்டி ஓட்டறது குற்றம். சாவியை எல்லாம் வாசல்லயே வாங்கி வச்சிடுங்க, போகும்போது கேப்.

வரிசை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஜிலேபி தின்னுட்டு டீ குடிச்சா டீல சக்கரையே போடாத மாதிரி இருக்கும்ல, அதேதான். நுரை வர்ற ஸ்பார்க்லிங் முதல்ல, அப்புறம் இனிப்பு இல்லாத ஒயிட், இளஞ்சிவப்பா இருக்கற ரோஸே, அதுக்கு அப்புறம் லேசான ரெட், கனமான ரெட், இனிப்பு ஒயின் கடைசி. பெங்களூர்ல இருக்கீங்க, வெளிநாட்டு பாட்டில் தேடி காசை கொட்ட வேண்டாம், நந்தி ஹில்ஸ் அடிவாரத்துலயே குரோவர் தோட்டம் இருக்கு, நாசிக்ல சூலா, சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ்ல ஃப்ராடெல்லி. சூலாவோட செனின் பிளாங்க்னு ஒரு ஒயிட், அதுல மெல்லிசா ஒரு இனிப்பு இருக்கும், பழக்கம் இல்லாதவங்களுக்கு ஈஸி. குரோவரோட லா ரிசர்வ், கபர்னே, ஷிராஸ்னு ரெண்டு வகை திராட்சை கலந்த ரெட், கனமான இடத்துக்கு அது. முடிஞ்சா ஒரு நாள் தோட்டத்துக்கே போயிட்டு வாங்க, ஆனா ஐரோப்பாவுல மாதிரி செப்டம்பர்ல அறுவடை இருக்கும்னு போகாதீங்க, நம்ம பக்கம் திராட்சை வெட்டறது பெரும்பாலும் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்.

சூடு முக்கியம். ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அந்த ரூம் ஐரோப்பாவுல குளிர் அடிக்கற கல்லு வீட்டு ரூம், 16, 18 டிகிரி. நம்ம ஹால்ல ஏப்ரல்ல 32. அந்த சூட்டுல ரெட் ஒயின் காய்ச்சல் மருந்து மாதிரி மூக்குல ஏறும், அதனால ரெட்டையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வைங்க, கூச்சப்படாதீங்க. ஒயிட்டை ரெண்டு மணி நேரம் வச்சிட்டு ஊத்தறதுக்கு கொஞ்சம் முன்னாடி வெளிய எடுங்க, ரொம்ப ஜில்லுனு இருந்தா வாசனை வராது.

கிளாஸ் கண்ணாடியா, அடி அகலமா வாய் குறுகலா இருக்கணும், ஆளுக்கு ஒண்ணு போதும், நடுவுல தண்ணி விட்டு அலசிக்கலாம். முக்கியமா சோப்பு வாசனை இருக்கக் கூடாது, வெந்நீர்ல கழுவி வெறும் துணியில தொடச்சு வைங்க. இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, நான் பட்டதால சொல்றேன். ஒரு தடவை ஒரு பிரெண்ட் வீட்டுல வெள்ளிக்கிழமை வச்சோம், அவ பாவம் சாயங்காலம் விளக்கேத்தி சாம்பிராணி போட்டு, தலை நிறைய மதுரை மல்லி வச்சுக்கிட்டு வந்து உக்காந்தா. ஆறு ஒயினும் மல்லிப்பூ வாசனைதான். அன்னிக்கு எல்லாரும் எல்லா ஒயினுக்கும் நல்ல மார்க் போட்டோம்.

சாப்பாடு. டேஸ்ட் பண்ணும்போது வெறும் பொரி, உப்பு காரம் எதுவும் போடாத பொரி, அதுதான் நாக்கை துடைக்கறதுக்கு. வெள்ளைக்காரங்க பிரெட் வைப்பாங்க, பொரி அதை விட பெட்டர்னு எங்க செட்ல தீர்மானமே போட்டாச்சு. அப்புறம் ஸ்பார்க்லிங்குக்கு சூடா மெதுவடை, வெங்காய பஜ்ஜி. எண்ணெய்யும் உப்பும் இருக்கற இடத்துல புளிப்பும் நுரையும் வந்து வாயை கழுவி விடும், அடுத்த வடைக்கு கை தானா போகும். சிக்கன் 65 வைக்கறதா இருந்தா கனமான ரெட் பக்கமே போகாதீங்க, மிளகாய் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்து ரெண்டு மடங்கா ஆக்கிடும், கொஞ்சம் இனிப்பு இருக்கற செனின் பிளாங்க் தான் அங்க சரி. ஆனா மிளகு வேற கதை. ஷிராஸ் ஒயின்ல மிளகு வாசனை வருதே ஏன்னு ஆஸ்திரேலியாக்காரங்க ரொம்ப நாள் தேடி 2008ல கண்டுபிடிச்சாங்க, ரொட்டண்டோன்னு ஒரு பொருள், நம்ம அஞ்சறைப்பெட்டி மிளகுல இருக்கறதும் அதேதான். மட்டன் மிளகு சுக்காவோட ஒரு வாய் ஷிராஸ் குடிச்சு பாருங்க, ரெண்டும் சொந்தக்காரங்கன்னு நாக்குக்கு தெரியும். ஊறுகாய் மட்டும் மேஜைக்கு வரவே கூடாது.

கிளாஸை சுத்தறது, மூக்கை உள்ள விடறது, "பிளாக் கரன்ட் தெரியுது, பிளம் தெரியுது"ன்னு சொல்றது, இதெல்லாம் வெறும் பந்தாதானே? உண்மையை சொல்லுங்க.
- வாசகர், சென்னை

பாதி பந்தா, பாதி உண்மை.

சுத்தறதும் மோந்து பாக்கறதும் உண்மை. சளி பிடிச்சப்போ ரசம் குடிச்சிருக்கீங்களா, வெறும் புளிப்பும் உப்பும் சூடும்தான் தெரியும், ரசமே தெரியாது. நாக்குக்கு தெரியறது கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் மூக்கு. சுத்தினா ஒயின் கிளாஸ் முழுக்க பரவி வாசனை மேல வரும், அதுக்குதான். ஆனா சுத்தின அப்புறம் கிளாஸ் ஓரத்துல கோடு கோடா வடியுதே, அதைக் காட்டி "பாத்தியா, குவாலிட்டி"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு, எல்லா செட்லயும் ஒருத்தர் இருப்பாரு, அது புருடா. தண்ணியை விட ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகறதால அப்படி வடியுது, தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

பிளாக் கரன்ட் சமாச்சாரம்தான் என்னை ரொம்ப நாள் கஷ்டப்படுத்தினது. நான் வாழ்க்கையில பிளாக் கரன்ட்னு பார்த்தது ஐஸ்கிரீம் கப்புல மட்டும்தான். அந்தப் பழத்தை செடியில பார்த்தது இல்ல, கடிச்சது இல்ல, அப்புறம் எப்படி ஒயின்ல அது "தெரியும்"? தெரியற மாதிரி தலையாட்டிக்கிட்டு இருந்தேன் நாலு வருஷம். வெள்ளைக்காரங்க அவங்க பாட்டி தோட்டத்துல பறிச்ச பழத்தை சொல்றாங்க, அது அவங்களுக்கு நியாயம். நமக்கு நாவல்பழம் இருக்கு, விளாம்பழம் இருக்கு, நெல்லிக்காய், கொடுக்காப்புளி, வெல்லப்பாகு, மழை பெஞ்ச மண்ணு, ஈர சாக்கு, ஏலக்காய் தட்டின அம்மிக்கல்லு. இப்ப எங்க செட்ல ரூலே அதுதான், எழுதற பேப்பர்ல நீங்க சாப்பிட்டுப் பாக்காத பழத்தோட பேர் வரக்கூடாது, வந்தா அடுத்த தடவை ஹோஸ்ட் நீங்க.

இன்னொண்ணு. ரெட் ஒயின்ல டானின் டானின்னு சொல்லுவாங்க, தோல்ல இருந்தும் கொட்டையில இருந்தும் வர்றது, வாயை இழுத்துப் பிடிக்கும். இங்கிலீஷ்காரங்க அதை விளக்க பட்டு, வெல்வெட்டுன்னு துணிக்கடைக்கே போயிடுவாங்க. நமக்கு எதுக்கு அவ்வளவு தூரம், அறுசுவையில துவர்ப்புன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கோமே. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, ரொம்ப நேரம் கொதிச்ச டீ. பாக்கு போடற எங்க சித்தப்பாகிட்ட ஒரு கனமான கபர்னே கொடுத்தேன், ஒரு வாய் குடிச்சிட்டு "களிப்பாக்கு இல்ல, கொட்டைப்பாக்கு"ன்னாரு. நான் கேட்டதுலயே பெஸ்ட் விமர்சனம் அது.

சரி, பந்தா பாதி எதுன்னா, கண்ணு நம்மளை ஏமாத்தும். 2001ல வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, பிரான்ஸ்ல பொர்தோவுல ஒயின் படிக்கற 54 ஸ்டூடண்ட்ஸ்கிட்ட ஒயிட் ஒயின்ல வாசனை இல்லாத சிவப்பு கலரை கலந்து கொடுத்தாங்க, அவங்க பெரும்பாலும் ரெட் ஒயினுக்கு சொல்ற வார்த்தையா எழுதி வச்சாங்க. படிக்கற பசங்களுக்கே அப்படின்னா நாம எம்மாத்திரம்.

"டிரை ஒயின்"னு போட்டிருக்கு, ஆனா தண்ணியாதான் இருக்கு. என்ன அர்த்தம்?
- வாசகர், சேலம்

சக்கரை இல்லைன்னு அர்த்தம். ஸ்பார்க்லிங் பாட்டில்ல மட்டும் உஷார், "எக்ஸ்ட்ரா டிரை"ன்னு போட்டிருந்தா அது "புரூட்"னு போட்டிருக்கற பாட்டிலை விட இனிப்பு ஜாஸ்தி. ஏன் அப்படி பேர் வச்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. நாம கூடத்தான் ஒயினே இல்லாத கடைக்கு ஒயின் ஷாப்னு பேர் வச்சிருக்கோம்.

டேஸ்டிங்ல குடிச்சதை துப்பணுமாமே? சபையில எப்படி அக்கா துப்பறது, அசிங்கமா இல்ல?
- வாசகி, கோவை

உங்க தாத்தா வீட்டுல வெத்தலை போட்டுட்டு துப்பறதுக்கு பித்தளையில படிக்கம் இருந்துதா இல்லையா? சபையிலதானே வச்சிருந்தாங்க? அதேதான். தொழிலா பண்றவங்க ஒரு நாளைக்கு நூறு ஒயின் பாப்பாங்க, துப்பலைன்னா மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரி. வீட்டு டேஸ்டிங்ல துப்பியே ஆகணும்னு இல்ல, ஆனா ஆளுக்கு ஒரு பேப்பர் கப் வைங்க, பிடிக்காததை ஊத்தவாவது ஆகும். வேண்டாததை மரியாதைக்காக குடிக்கறது கல்யாண வீட்டு மூணாவது பாயசத்தோட போகட்டும்.

மெல்பர்ன்ல இருக்கேன். இந்தியா வந்தப்போ ஒரு நல்ல ரீஸ்லிங் ஒயின் கொண்டு வந்து மச்சான் வீட்டு பார்ட்டில கொடுத்தேன். திருகற மூடியைப் பார்த்துட்டு "என்ன மாப்ள, இருமல் டானிக்கா"ன்னு கிண்டல். கார்க் இல்லன்னா மட்டமா?
- வாசகர், மெல்பர்ன்

உங்க மச்சானை கூப்பிட்டு இதை படிக்கச் சொல்லுங்க. கார்க்ல சில சமயம் ஒரு பூஞ்சை சமாச்சாரம் ஏறி ஒயின் நனைஞ்ச நியூஸ்பேப்பர் மாதிரி நாறும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கொட்ட வேண்டியதுதான். அது வெறுத்துப் போய்தான் உங்க ஆஸ்திரேலியாவுல கிளேர் பள்ளத்தாக்குல ரீஸ்லிங் பண்றவங்க பல பேர் ஒண்ணா சேர்ந்து 2000ம் வருஷ ஒயினுக்கு திருகு மூடி போட்டாங்க, நியூசிலாந்தும் பின்னாடியே போச்சு. இப்ப அந்த ரெண்டு நாட்டுலயும் கார்க்தான் அபூர்வம். டப்புன்னு சத்தம் வராது, அது ஒண்ணுதான் நஷ்டம்.

நான் சுத்த சைவம். ஒயின் பழச்சாறுதானேன்னு நினைச்சு பிரெண்ட் கட்டாயப்படுத்தினதால கொஞ்சம் டேஸ்ட் பண்ணேன். அதுல முட்டை, மீன் எல்லாம் சேக்கறாங்கன்னு இப்ப யாரோ சொல்றாங்க. தூக்கமே வரல.
- பேர் ஊர் வேண்டாம்னு கேட்டவர்

ஒயின் கலங்கலா இருக்கும், அதை தெளிய வைக்க எதையாவது போட்டு அடியில இறக்கி எடுத்துடுவாங்க. தேத்தாங்கொட்டையை பானையில தேச்சா கலங்கின தண்ணி தெளியும் பாருங்க, அந்த வேலை. அதுக்கு முட்டை வெள்ளைக்கரு, பால்ல இருந்து எடுக்கற கேசின், மீனோட காற்றுப்பை இதெல்லாம் காலங்காலமா உண்டு. பெண்டோனைட்னு ஒரு களிமண்ணும் அதே வேலையை செய்யும், நிறைய பேர் இப்ப அதுதான். போட்ட பொருள் கசடோட வெளிய போயிடும், ஆனா மனசுக்கு உறுத்தினா உறுத்துறதுதான், அதுல நான் தர்க்கம் பண்ண மாட்டேன். இனிமே வாங்கினா வீகன்னு லேபிள்ல போட்டிருக்கான்னு பாருங்க. அதை விட முக்கியம், கட்டாயப்படுத்தற பிரெண்டை மாத்துங்க.

விலை ஜாஸ்தியா இருந்தா நல்லா இருக்கும்தானே?
- வாசகர், தூத்துக்குடி

எங்க செட்ல இதுக்காகவே ஒரு விளையாட்டு உண்டு. பாட்டிலை எல்லாம் பேப்பர் கவர்ல போட்டு கழுத்துல ரப்பர் பேண்ட் மாட்டி, மேல நம்பர் மட்டும் எழுதிடுவோம், ஊத்தறவங்களுக்கு மட்டும்தான் எது எதுன்னு தெரியும். மார்க் போட்டு முடிச்சதும் கவரை கிழிப்போம். போன தடவை எங்க செட்ல ஒருத்தர், ஏர்போர்ட்ல பெரிய விலை கொடுத்து வாங்கி வந்தவர், தன்னோட பாட்டிலுக்கே தானே கடைசி மார்க் போட்டிருந்தாரு. கவரை கிழிச்சப்போ அவர் மூஞ்சியை போட்டோ எடுத்து வச்சிருக்கோம், குரூப் டிபி இப்ப அதுதான்.

அவர் ஒண்ணும் தனி ஆள் இல்ல. 1976 மே 24ம் தேதி பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு இங்கிலீஷ்காரர், அங்கேயே ஒயின் கடை வச்சிருந்தவர், பிரான்ஸ் ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் லேபிள் தெரியாம வச்சு பிரெஞ்சு ஜட்ஜுங்ககிட்டயே கொடுத்தாரு. அப்ப கலிபோர்னியா ஒயினை யாரும் மதிக்கவே மாட்டாங்க. ஒயிட்ல முதல் இடம் ஷாட்டோ மான்டலீனாவோட 1973 ஷார்டனே, ரெட்ல ஸ்டாக்ஸ் லீப் 1973 கபர்னே, ரெண்டுமே கலிபோர்னியா. அதனால விலையை பாட்டிலை எடுக்கறவங்களுக்கு விட்டுடுங்க, கவர் போடறது நம்ம வேலை.

ஆபீஸ் பிரெண்ட்ஸ் டேஸ்டிங்குக்கு கூப்பிட்டிருக்காங்க. நான் குடிக்க மாட்டேன், குடிக்கவும் போறது இல்ல. போகாம இருந்தா தனியா தெரிவேன், போனா கிண்டல் பண்ணுவாங்க.
- வாசகி, ஓசூர்

போங்க. எங்க செட்ல மூக்குல நம்பர் ஒன் யாருன்னா ஒரு சொட்டு கூட வாயில வைக்காத ஒருத்தி. மோந்து மட்டும் பாப்பா, எல்லார் பேப்பரையும் வாங்கி மார்க் கூட்டுவா, ராத்திரி நாலு பேரை கார்ல வீட்டுல இறக்கி விடுவா. போன வருஷம் எல்லாரும் ஆஹா ஓஹோன்னு குடிச்ச ஒரு பாட்டிலை மோந்து பார்த்துட்டு "இது வினிகர் ஆயிட்டு இருக்கு"ன்னு அவதான் சொன்னா, அப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. உங்களுக்கு ஒரு கிளாஸ்ல திராட்சை ஜூஸ் வச்சுக்கோங்க, ஏன் குடிக்கலைன்னு கேட்டா காரணம் சொல்லாதீங்க. காரணம் சொன்னா அதுக்கு பதில் சொல்ல ஆரம்பிப்பாங்க.

எங்க ஊர் தேனி மாவட்டம், கம்பம் பக்கம். வீட்டுல திராட்சைத் தோட்டம். ஒயின்னா எல்லாரும் பிரான்ஸ், இத்தாலிங்கறாங்க, எங்க பன்னீர் திராட்சைக்கு அதுல இடமே இல்லையா அக்கா?
- வாசகர், தேனி மாவட்டம்

தம்பி, உங்க கேள்வியை கடைசியா வச்சதுக்கு காரணம் இருக்கு.

உங்க பன்னீர் திராட்சையோட உலகப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட்னு ஒரு பெரிய குடும்பம், இத்தாலியில ஆஸ்தி பக்கம் மொஸ்காட்டோன்னு ஒயின் பண்றதும் அந்தக் குடும்பத்து திராட்சையிலதான். 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடும் கிடைச்சிடுச்சு. நாசிக்ல வருஷத்துக்கு ஒரு அறுவடைன்னா உங்க பள்ளத்தாக்குல வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல பழம் வெட்டிக்கிட்டேதான் இருப்பாங்க, அது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

நான் சொல்ல வந்தது பேரைப் பத்தி. மஸ்கட் திராட்சையில ஜெரானியால், லினலூல்னு சில வாசனைப் பொருள் இருக்கு, ரோஜாவுல இருக்கறதும் அதேதான். அதைத்தான் மேல்நாட்டு ஒயின் புத்தகத்துல "ரோஜா வாசம்"னு டேஸ்டிங் நோட்ல எழுதறாங்க. உங்க ஊர்ல எவரோ ஒருத்தர், பேர் தெரியாது, ஒரு பழத்தை வாயில போட்டுட்டு கல்யாண வீட்டு வாசல்ல தெளிக்கற பன்னீர் மாதிரி இருக்குன்னு சொல்லி, அதையே பேரா வச்சிட்டுப் போயிட்டாரு.

போன டேஸ்டிங்ல கடைசி கவர்ல ஒரு மொஸ்காட்டோ இருந்துச்சு, அஞ்சரை சதவீதம்தான் ஆல்கஹால், இனிப்பு, லேசா நுரை. ஒவ்வொருத்தரும் லிச்சிங்கறாங்க, பீச்சுங்கறாங்க, ரூலை மீறி. எங்க செட்ல உங்க கம்பம் பக்கத்து உத்தமபாளையத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு, அதிகம் பேச மாட்டாரு. கிளாஸை மூக்குகிட்ட வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் குடிக்கவே இல்ல. பேப்பர்ல என்ன எழுதியிருக்காருன்னு எட்டிப் பார்த்தேன். "எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட், காலையில ஆறு மணி, கூடை இறக்கறாங்க"ன்னு எழுதியிருந்தாரு.